முத்தத்துக்கு முன் கோப்பி

இருபத்தைந்து வயதில் நான் ஓய்வு பெற்றேன். இந்த வயதில் ஓய்வு பெறுவது நீச்சல் வீராங்கனைகளின் வழக்கம் என்று இங்கர் சொன்னார். எனக்கு நீந்தத் தெரியாது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரிலுள்ள சிறிய திரையரங்கில், சனிக்கிழமைப் பிற்பகல் காட்சிகளின்போது, திரையின் இடப்பக்கம் ஒரு முக்காலியில் அமர்ந்து, படத்தில் பேசப்படுவதை உடனுக்குடன் தமிழில் சொல்வது என் வேலை. உலகில் இந்தப் பதவி வேறெங்கும் இருந்ததாக நான் அறியேன். ஆகவே என் இடத்துக்கு வருபவர், "எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது மறுக்க முடியவில்லை.

பயிற்சியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இங்கர் அந்தத் திரையரங்கின் முகாமையாளர். கைகளை எப்போதும் பின்னலாடைப் பைகளுக்குள் வைத்திருக்கும், அறுபதை நெருங்கிய பெண்மணி. என்னை முக்காலியில் இருத்தி விளக்கை அணைத்தார். படக்கருவி ஓடியது. "நீ தெரிகிறாய்" என்றார். முக்காலியைச் சுவரோடு தள்ளினார். "இப்போது தெரியவில்லை. பயிற்சி முடிந்தது."

பிறகு விதிகளைச் சொன்னார். எதையும் சேர்க்காதே. எதையும் விடாதே. திரையில் அழுகிறவர்கள் அதற்குச் சம்பளம் வாங்கிவிட்டார்கள், நீ அழ வேண்டாம். ஒடென்சே பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டு, வார இறுதியில் ரயிலில் வீடு வரும் எனக்கு இவ்விதிகள் மிகவும் பிடித்துப்போயின. இயல்பிலேயே நான் குறைவாகப் பேசுபவள். அடுத்தவர் சொன்னதை மட்டும் சொல்லும் தொழில் எனக்காகவே ஏற்பட்டதுபோல் இருந்தது. ஆண் பேசினாலும், பெண் பேசினாலும், குதிரை விற்பவன் பேசினாலும், எல்லாரும் என் வாயில் வானொலிச் செய்தி வாசிப்பவரின் தமிழையே பேசினார்கள்.

படங்கள் அனைத்தும் பழைய அமெரிக்கப் படங்கள். முப்பதுகளின் பெரும் வேலையில்லாக் காலத்தில் எடுக்கப்பட்டவை. டேனிஷ் எழுத்துகள் கீழே ஓடும். அவற்றைப் பார்த்து அகதிகள் மொழி பழகுவார்கள் என்று மொழிப் பள்ளி நம்பியது. இங்கருக்கு வேறு காரணம் இருந்தது: அவருக்கு அந்தப் படங்கள் மட்டுமே பிடிக்கும். நான் வகுப்பில் படித்த நாவல்களில் காதலர்கள் வாடகையைப் பற்றிப் பேசுவதேயில்லை. இந்தப் படங்களிலோ, வாடகையைப் பற்றிப் பேசாமல் ஒருவரும் காதலிப்பதில்லை. கிழிந்த காலுறை, பாதி ரொட்டி, வீட்டுக்காரியின் காலடியோசை ஆகியவற்றைக் கடந்துதான் நாயகன் நாயகியின் கையைப் பிடிக்க முடியும்.

பார்வையாளர்கள் பின்னலாடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் ஆண்கள். பெரும்பாலானோரின் மனைவிமார் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருந்தார்கள். மனைவியை அழைப்பதற்கான விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் எடுத்துப் பார்க்கப்படாமல் கிடந்த காலம் அது. பிற்பாடு அதுவே எங்கள் இனத்தின் பெயரைத் தாங்கிய வழக்காகி, ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. அப்போது நாங்கள் அறிந்திருந்தது ஒன்றுதான்: தபால்காரர் வருகிறார், கடிதம் வருவதில்லை.

இந்த ஆண்கள் படத்தைப் படமாகப் பார்க்கவில்லை. அயல்வீட்டுச் சங்கதியாகப் பார்த்தார்கள். முன்வரிசையில் மன்னார் மரியதாஸ் அண்ணை அமர்ந்திருப்பார். அவருடைய அபிப்பிராயம் நாயகனின் முதல் வசனத்துக்கு முன்பே வந்துவிடும்.

"பிள்ளை, உவன் ஏன் நேரை தகப்பனிட்டைப் போய்க் கேக்கேல்லை?"

"தகப்பன் இந்தப் படத்தில் இல்லை, அண்ணை."

"அப்ப மாமன்?"

"மாமனும் இல்லை."

"ஆரும் இல்லாத பெட்டை. அப்ப உவன் கட்டத்தான் வேணும். சொல்லும் உவனுக்கு."

நாயகனுக்கு எதையும் தெரிவிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதை அவருக்கு நான் பல சனிக்கிழமைகள் விளக்கியிருக்கிறேன்.

உண்மையான சிக்கல் முத்தம். நாயகன் நாயகியின் தோளைப் பற்றி முகத்தைச் சாய்த்தவுடன், மண்டபத்தில் கதிரைகள் படபடவென்று மடங்கும். அத்தனை பேரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். தம்பி இருக்க அண்ணன் பார்ப்பதா, மருமகன் இருக்க மாமன் பார்ப்பதா, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரோரம் கலியாணம் ஆகாத ஒரு குமர்ப்பிள்ளை இருக்கிறாளே என்பது அவர்களின் சங்கடம். அந்தக் குமர்ப்பிள்ளை நான்தான். முத்தத்தில் வசனம் இல்லாததால், விதிப்படி நானும் மௌனமாக இருப்பேன். அவர்கள் வாசலில் குளிரில் நின்று, உள்ளே இசை மாறியதும் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி வருவார்கள்.

முதல் மாதம் இங்கர் இதைப் பார்த்துக் கலங்கிப்போனார். தமக்குப் பிடித்த இடத்தில் மண்டபமே காலியாவதை எந்த முகாமையாளர் தாங்குவார்? காட்சிகளை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். காரணத்தை விளக்கினேன்.

"படம் பிடிக்காததால் போகிறார்கள் என்பதல்லவே?"

"இல்லை. முத்தத்தை ஒருவர் முன்னால் மற்றவர் பார்ப்பதுதான் பிடிக்கவில்லை."

"அப்படியானால் அதை இடைவேளையாக்கிவிடலாம்."

அடுத்த சனிக்கிழமை முதல் ஓர் ஒழுங்கு பிறந்தது. முத்தத்துக்குச் சற்று முன் இங்கர் படக்கருவியை நிறுத்துவார். கைமணியை அடிப்பார். எல்லாரும் கௌரவமாக எழுந்து கூடத்துக்குப் போய்க் கோப்பி குடிப்பார்கள். அந்நேரம் இங்கர் கருவியை மீண்டும் ஓட்டி, காலியான மண்டபத்தில் முத்தத்தைத் தனியாகப் பார்த்து முடிப்பார். பிறகு இரண்டாம் மணி. சில வாரங்களில் மரியதாஸ் அண்ணை வாசலிலேயே என்னிடம், "இண்டைக்கு எத்தினை கோப்பி?" என்று கேட்கத் தொடங்கினார். இரண்டு கோப்பிப் படங்களுக்குக் கூட்டம் அதிகம்.

இனி, என் தொழில் வாழ்வின் கடினமான ஒரே சம்பவத்துக்கு வருகிறேன்.

லோகன் அண்ணை பின்னல் இயந்திரங்களுக்கு நூற்கட்டை மாற்றுபவர். கலியாணம் கட்டிய மாதமே ஊரை விட்டு வந்தவர். மனைவி பவளராணிக்காகக் கொடுத்த விண்ணப்பம் மற்றவர்களுடையதைப் போலவே எங்கோ கிடந்தது. இருவரும் கசெற்றில் பேசி ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். அது அக்காலத்தில் எல்லாரும் செய்ததுதான். ஆனால் லோகன் அண்ணைக்குக் கதைக்க வராது. "நான் சுகம். நீர் சுகமோ. இஞ்சை குளிர்" என்றதும் அவரிடம் இருந்த சொற்கள் தீர்ந்துவிடும். ஒரு பக்கம் முழுவதும் வெறுமையாக ஓடும் கசெற்றைக் கடல் தாண்டி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆகையால் ஒரு சனிக்கிழமை, என் முக்காலிக்கு அருகே உள்ள கதிரையின் கீழே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, மிச்சமிருந்த நாடாவைப் படத்தால் நிரப்பினார். மனைவிக்கும் பொழுதுபோகட்டும் என்ற நல்ல எண்ணம். படத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "இஞ்சை குளிர்" என்பதற்குப் பிறகு, "இனி மிச்சத்தைக் கேளும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அன்றைய படத்தின் கதையை நான் சொல்லியாக வேண்டும். வேலையிழந்த ஓர் இளைஞன், குளிருக்கு ஒதுங்குவதற்காக, வாங்க வந்தவன்போல் ஒரு தளபாடக் கடைக்குள் நுழைகிறான். அதே காரணத்துக்காக ஒரு பெண்ணும் அங்கே வருகிறாள். இருவரும் மற்றவரைப் பணக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் வந்து, விற்பனைக்கு வைத்த கதிரைகளில் அமர்ந்து, வாங்க முடியாத வீட்டை வாயால் அலங்கரிக்கிறார்கள். வேறொன்றுமில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் பவளராணி அக்கா கேட்டது இதுதான்: கணவர் குளிர் என்கிறார். உடனே ஓர் இளம்பெண், நிதானமான குரலில், நல்ல தமிழில், "இந்தக் கட்டில் எங்கள் அறைக்குப் பெரிதாக இருக்குமோ?" என்று கேட்கிறாள். பிறகு, "திரைச்சீலை நீலமாக இருக்கட்டும்" என்கிறாள். பிறகு, "உங்களிடம் மேல்சட்டை ஒன்றுதான் இருக்கிறது என்பதை நான் முதல் நாளே கவனித்தேன்" என்கிறாள். படத்தின் ஆங்கிலம் பக்கத்து அறை வானொலிபோலத் தேய்ந்து கேட்கிறது. இறுதியில் அந்தப் பெண், "நான் உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்" என்கிறாள். அத்துடன் நாடா முடிந்துவிடுகிறது.

விண்ணப்பங்கள் மீண்டும் எடுக்கப்பட்டு, பவளராணி அக்காவுக்கு அனுமதி வந்த சில வாரங்களில் அவருடைய பதில் கசெற்றும் வந்தது. லோகன் அண்ணை அதை இங்கரின் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். மரியதாஸ் அண்ணையும் தாமாகவே உடன் வந்தார். கருவியில் போட்டோம்.

"நான் அங்கை வந்தால் அந்த அக்காவுக்கு இடைஞ்சல். பெரிய கட்டிலாய் எடுத்தனீங்களோ தெரியாது. நீலத் திரைச்சீலை எண்டுறா, உங்களுக்கு நீலத்தைக் கண்ணிலையும் காட்டேலாது. இப்பிடி ஒருத்தி இருக்கிறா எண்டு எனக்கு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. விசா கொழும்பிலை கிடக்கட்டும். அவவுக்குத் தமிழ் நல்ல வடிவாய் வருது. சுகமாய் இருங்கோ."

இங்கர் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன், எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. என் தமிழைப் பற்றிய பாராட்டையும் விதிப்படி சொல்ல நேர்ந்தது.

லோகன் அண்ணை கசெற்றைக் கருவியிலிருந்து வெளியே எடுத்தார். அனுமதிக்குக் காலக்கெடு இருந்தது. அது கழிந்தால், மறுபடியும் அதே வரிசை, அதே தபால்காரர். "அவ வரமாட்டா" என்றார். "சொன்னால் சொன்னதுதான் அவ."

"விடும், நான் கதைக்கிறன்" என்று மரியதாஸ் அண்ணை ஒலிவாங்கியை எடுத்தார். "தங்கச்சி, நான் மரியதாஸ். லோகன் அப்பிடிப்பட்ட ஆளில்லை. அது சும்மா படம். அந்தப் பிள்ளையும் தங்கமான பிள்ளை. அவை ரெண்டு பேரும் தனிய இருக்கேல்லை, நாங்கள் இவ்வளவு பேரும் இருட்டுக்குள்ளை பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள்."

கருவியை நிறுத்தினேன். "அண்ணை, இது உதவாது."

"ஏன், சாட்சி சொல்லுறன்."

இங்கரும் தம் பங்குக்கு டேனிஷில் சில அன்பான சொற்களைப் பதிவுசெய்ய விரும்பினார். அந்த அறையில் இரண்டாவதாக ஒரு பெண்ணின் குரல் கேட்பது நிலைமையைச் சீராக்காது என்று நான் சொன்னேன். அவர் அதை மிகுந்த ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார். தம்மை ஒருவர் அப்படிச் சந்தேகித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார்.

என் யோசனை வேறு. படத்தை முதலிலிருந்து மறுபடியும் பதிவுசெய்வோம். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் "படத்தில் வரும் ஆண் சொல்கிறான்", "படத்தில் வரும் பெண் சொல்கிறாள்" என்று நான் அறிவிப்பேன். ஆங்கிலமும் நன்றாகக் கேட்கும்படி கருவியைத் திரைக்கருகே வைப்போம். இது சேர்ப்பதாகாதா என்று தயங்கி இங்கரைப் பார்த்தேன். "அது அடிக்குறிப்பு. நீ மாணவி, உனக்கு அனுமதி உண்டு" என்றார். பிறகு கைகளைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, ஒரு நிபந்தனை விதித்தார். "நாடா முன்பு நின்ற இடத்திலேயே இம்முறையும் நிறுத்த வேண்டும்."

லோகன் அண்ணைக்கு அதை நான் தமிழில் சொன்னதும் கொதித்துவிட்டார். "என்ன விசர்க்கதை? முடிவை அனுப்பினால்தானே அவ நம்புவா."

"நம்புவார். ஆனால் வீட்டிலிருந்தே நம்புவார்" என்றார் இங்கர். "நான் இத்தனை காலம் படம் காட்டியிருக்கிறேன். கடைசிச் சுருளைப் பார்க்காமல் போனவர் எவரையும் நான் கண்டதில்லை."

பதிவு தொடங்குமுன், லோகன் அண்ணை முதலில் தாமே பேசியாக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் சுகம். நீர் சுகமோ. இஞ்சை குளிர்." நாடா ஓடிக்கொண்டிருந்தது. மரியதாஸ் அண்ணை ஏதோ எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். இங்கர் அவர் கையில் ஒரு கோப்பைக் கோப்பியைத் திணித்தார்.

"பவளம்," என்றார் லோகன் அண்ணை. "நான் கட்டில் வாங்கேல்லை. பக்கத்து ஊர் ஹேர்னிங்கிலை ஒரு தளபாடக் கடையிருக்கு. வேலை குறைச்ச நாளுகளிலை அங்கை போய்ப் பாக்கிறனான். போன கிழமை ஒரு கட்டில்லை இருந்தும் பாத்தனான். விலை கேக்கேல்லை, வெக்கமாய்க் கிடந்தது. என்னட்டை ஒரு அறைதான் இருக்கு. சமைக்கிற குசினி பொது. மேல்சட்டையும் ஒண்டுதான், அது படத்திலை எண்டாலும் உண்மை. நீர் வந்தால் ரெண்டு பேருமாய்ப் போய் விலை கேப்பம்." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "இனி மிச்சத்தைக் கேளும்" என்றார்.

அந்த மிச்சத்தை நான் மிகக் கவனமாகச் சொன்னேன். குரல் ஓரிடத்தில் சற்றே தளர்ந்தது. இங்கர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "நான் உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்" என்ற இடத்தில் அவர் கருவியை நிறுத்தினார்.

பதில் கசெற் வரவில்லை. லோகன் அண்ணை மெலிந்துகொண்டே போனார். இரண்டு கோப்பிப் படங்களுக்குக்கூட வருவதை நிறுத்திக்கொண்டார். கெடு முடிய இருந்த வாரத்தில், கொழும்பிலிருந்து யாரோ தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து விமானம் வரும் நாளை மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். வருவது ஏற்றுக்கொள்ளவா, முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போகவா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மரியதாஸ் அண்ணை இரண்டுக்கும் பந்தயம் கட்டினார்.

வந்த முதல் சனிக்கிழமையே பவளராணி அக்கா திரையரங்குக்கு வந்தார். அவர் அணிந்திருந்த ஆண்களின் மேல்சட்டை எதுவென்று எனக்கு உடனே விளங்கியது; பின்னால் லோகன் அண்ணை சட்டையோடு நடுங்கிக்கொண்டு வந்தார். அக்கா நேரே என் முக்காலிக்கு வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்கள்தானோ?"

"ஓம், அக்கா."

"கதையுங்கோ பாப்பம்."

"எதைக் கதைப்பது?"

"எதையும்."

"இந்தக் கட்டில் எங்கள் அறைக்குப் பெரிதாக இருக்குமோ?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அவதான்" என்று கணவரிடம் உறுதிப்படுத்திவிட்டு, முன்வரிசையில் மரியதாஸ் அண்ணையை ஒரு கதிரை தள்ளி இருக்கச் சொல்லி அமர்ந்தார். அந்த மண்டபத்தில் என்னையும் இங்கரையும் தவிர்த்த முதல் பெண் அவர்.

இங்கர் அந்தப் படத்தையே ஓட்டினார். நாடா நின்ற இடம் வந்தது. பெண் உண்மையைச் சொன்னாள்: தன்னிடமும் ஒன்றுமில்லை, கடை மூடியபின் போவதற்கு இடமும் இல்லை. இளைஞன் சிரித்தான், தன் வெறும் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான், அவள் தோளைப் பற்றினான். கைமணி ஒலித்தது. கதிரைகள் மடங்கின. எல்லாரும் எழுந்தார்கள். லோகன் அண்ணையும் பழக்கத்தில் எழுந்தார்.

"எங்கை போறியள்?" என்றார் பவளராணி அக்கா.

"கோப்பிக்கு."

"இருங்கோ. இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்."

லோகன் அண்ணை அமர்ந்தார். கருவியறைச் சாளரத்தில் இங்கரின் முகம் தெரிந்தது. படம் மீண்டும் ஓடியது. நான் விதிப்படி மௌனமாக இருந்து, சுவரைப் பார்த்தேன். கதவிடுக்கில் பல கோப்பைகளும் மரியதாஸ் அண்ணையின் ஒரு கண்ணும் தெரிந்தன.

விளக்கு வந்ததும் லோகன் அண்ணை கேட்டார். "இப்ப நம்புறீரோ?"

"அது ரெண்டாவது கசெற்றிலேயே நம்பீட்டன். அந்தக் கட்டில்லை இருந்த கதையைக் கேட்டவுடனை."

"பிறகேன் பதில் போடேல்லை?"

"எங்கை நேரம்? எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற அயல்சனம் முழுக்க அதைக் கேக்க வீட்டை வருகுது. கசெற் ஒருநாளும் என்ரை கையிலை இல்லை. அந்தப் பெட்டை என்ன உண்மை சொல்லப் போறாள் எண்டு சனம் அடிபடுது. முடிவைக் கேட்டு அனுப்பு எண்டுதான் எல்லாருமாய்ச் சேந்து கொழும்புக்கு ஏத்திவிட்டவை." கைப்பையைத் திறந்து ஒரு புதிய கசெற்றை எடுத்து என் மடியில் வைத்தார். "பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. நான் பிடிக்கிறன்."

இங்கர் கடைசிச் சுருளைத் திருப்பி மாட்டினார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன்: படத்தில் வரும் பெண் சொல்கிறாள், படத்தில் வரும் ஆண் சொல்கிறான். வெறும் பைகள் வெளியே வந்தன. தோள் பற்றப்பட்டது. நான் நிறுத்தினேன். நாடா சுழன்றுகொண்டிருந்தது.

பவளராணி அக்கா ஒலிவாங்கியை என் வாயருகிலிருந்து தம் வாயருகே திருப்பினார். "ஒழுங்கையிலை இருக்கிற எல்லாரும் கேளுங்கோ," என்றார். "இப்ப கொஞ்சுகினம். பிள்ளை சொல்லமாட்டா, வெக்கப்படுறா. நல்ல நேரம் எடுக்குது. பெடியன்ரை தொப்பி விழுந்திட்டுது. எடுக்கேல்லை. இன்னும் எடுக்கேல்லை."

விதிகளைப் பற்றி நான் எழுதித் தர வேண்டியது அவ்வளவுதான், பவளராணி அக்கா. என் முக்காலியில் நீங்கள் இருப்பதில் இங்கருக்கும் சம்மதம். இப்போது சனிக்கிழமைகளில் வரிசைகளில் இருப்போர் பெரும்பாலும் புதிதாக வந்து சேர்ந்த மனைவிமார். சென்ற வாரம் கடைசி வரிசையில் அமர்ந்து உங்களைக் கேட்டேன். நீங்கள் நிறையச் சேர்க்கிறீர்கள். எதையும் விடுவதில்லை. இங்கர் மணியை அடித்தபோது ஒருவரும் எழவில்லை, கூடத்தில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.